பட்டன்தான் இருக்கிறதே!

சென்ற மாதம் ஒரு டயர் கடையில் நான் சண்டை போட்டேன். நாவல் எழுதுகிறவனுக்கு டயர் கடையில் என்ன வேலை என்று நீங்கள் கேட்பீர்கள். கடைக்காரரும் அதைத்தான் கேட்டார், கொஞ்சம் மரியாதையாக. "சார் என்ன வண்டி ஓட்டறீங்க?" என்றார். "இப்போது ஒன்றும் ஓட்டவில்லை, பஸ்ஸில் போகிறேன்" என்றேன். அதற்கப்புறம் அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசவே இல்லை.

இருபத்தெட்டு வருஷம் மோட்டார் சைக்கிள் ஓட்டிவிட்டு, கண் மங்க ஆரம்பித்ததும் வண்டியை விற்றவன் நான். அந்த இருபத்தெட்டு வருஷத்தில் எத்தனை டயர் மாற்றியிருப்பேன்! ஒரு தடவையாவது யோசித்து மாற்றினேனா என்றால் இல்லை. கடைக்காரர் எதை எடுத்துப் போட்டாரோ அதுதான் என் டயர். என் நாவல் ஒன்றில் கதாநாயகனைக் கொட்டுகிற மழையில், நடு இரவில், மோட்டார் சைக்கிளில் நாற்பது மைல் விரட்டியிருக்கிறேன். அவன் மனசிலே அடித்த புயலைப் பற்றி நாலு பக்கம் எழுதினேனே தவிர, அவன் சக்கரத்தின் நிலைமையைப் பற்றி ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. அந்த அசட்டுத்தனத்துக்கு இந்தக் கட்டுரையைப் பரிகாரமாக வைத்துக் கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். என் தங்கை மகன் யமஹா ஆர்15 வைத்திருக்கிறான். குனிந்து, வயிற்றை டாங்கின் மேல் சாய்த்து, மீன்கொத்தி பாய்கிற மாதிரி உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி. கிட்டத்தட்ட 2 லட்சம் ரூபாய் கொடுத்து மாப்பிள்ளைதான் வாங்கித் தந்தார். பையன் தினம் தாம்பரத்திலிருந்து பழைய மகாபலிபுரம் சாலைக்கு வேலைக்குப் போய் வருகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் சிநேகிதர்களோடு கடற்கரைச் சாலையில் பறக்கிறான். வருஷத்துக்கு இரண்டு தரம் ஏலகிரி, ஒரு தரம் கொல்லிமலை. பின் டயர் தேய்ந்துவிட்டது. பள்ளங்களுக்கு நடுவே சின்னச் சின்ன மேடாக ரப்பர் வைத்திருப்பார்கள். டயர் தேய்ந்து அந்த மேட்டோடு மட்டமாகிவிட்டால் மாற்ற வேண்டும் என்று அர்த்தம். மட்டமாகி ஒரு மாதமாகியிருந்தது. ஐப்பசி வருவதற்குள் மாற்றிவிடச் சொல்லித் தங்கை நச்சரித்ததால், மாப்பிள்ளையும் பையனும் நானும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போனோம்.

பையன் கேட்டது 150 டயர். வண்டியில் இருந்தது 140. "பின்னாலேருந்து பார்த்தா கெத்தா இருக்கும் மாமா" என்றான். மாப்பிள்ளை கேட்டது வேறு: "எது ரொம்ப நாள் உழைக்கும்? முப்பதாயிரம் கிலோமீட்டர் வருமா?" கடைக்காரர் மகா சமர்த்தர். பையனைப் பார்த்து, "150 தாராளமாப் போடலாம் தம்பி" என்றார். மாப்பிள்ளையைப் பார்த்து, "இது தேயவே தேயாது சார்" என்றார். இரண்டு வாக்கியங்களும் ஒரே டயரைப் பற்றித்தான்!

அப்பாவும் பிள்ளையும் எதிரெதிர்க் கட்சி என்று தோன்றுகிறதல்லவா? எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. இல்லை, இருவரும் ஒரே கட்சி. ஒருவர் அகலத்தை அளக்கிறார், மற்றவர் ஆயுளை அளக்கிறார். மழையில் பிரேக் பிடித்தால் இது நிற்குமா என்று இருவரில் ஒருவர்கூட வாயைத் திறந்து கேட்கவில்லை. டயர் இருப்பது எதற்காக என்ற கேள்வியே அந்தக் கடையில் எழவில்லை. சண்டை அங்கேதான் ஆரம்பித்தது.

அகலத்தை முதலில் எடுத்துக் கொள்வோம்.

ஆர்15 வண்டி இந்தியாவில் 2008ல் வந்தபோது அதன் பின் டயரின் அகலம் 100 மில்லிமீட்டர். 2011ல் வந்த இரண்டாவது அவதாரத்தில் 130, 2018ல் 140. கம்பெனியே அகலமாக்கிக் கொண்டு போகும்போது நாமும் ஒரு படி ஏறினால் என்ன என்பது பையனின் வாதம். நல்ல வாதம்தான். ஆனால் கம்பெனி டயரை மட்டுமா மாற்றிற்று? ரிம்மை அகலமாக்கி, பின் சக்கரத்தைத் தாங்கும் கையை மாற்றி, ஒட்டுமொத்த வண்டியையும் திருப்பிக் கணக்குப் போட்டுத்தான் அந்த டயரை மாட்டினார்கள். நாம் ரிம்மை அப்படியே வைத்துக் கொண்டு டயரை மட்டும் பெரிதாக்கினால் அதன் இரண்டு ஓரங்களும் உள்ளே இறுகும், முதுகு கூம்பும். வண்டி சாய்கிற விதமே மாறிவிடும். பத்தாம் நம்பர் காலை எட்டாம் நம்பர் செருப்புக்குள் திணிக்கிற கதைதான்.

இன்னொரு கணக்கு இருக்கிறது. பள்ளிக்கூடப் பையன் போடுகிற கணக்கு. வண்டி சுமார் 140 கிலோ, ஓட்டுகிறவன் 70 கிலோ, ஆக 210. அதில் பாதிக்குச் சற்று மேலாக, 110 கிலோ, பின் சக்கரத்தின் மேல் உட்காருகிறது என்று வைத்துக் கொள்வோம். பின் டயரில் 33 பவுண்டு காற்று. அதாவது சதுர செண்டிமீட்டருக்கு 2.3 கிலோ அழுத்தம். 110ஐ 2.3 ஆல் வகுத்தால் 48 சதுர செண்டிமீட்டர் வருகிறது. ஏழு செண்டிமீட்டர் நீளம், ஏழு செண்டிமீட்டர் அகலம். விரல்களை மடக்கிக் கொண்டால் உங்கள் உள்ளங்கை. ரோட்டில் ஒட்டிக் கொண்டிருப்பது அவ்வளவுதான். டயரை 150 ஆக்கினாலும் காற்றும் பாரமும் மாறாத வரையில் ஏறக்குறைய அதே 48தான். கொஞ்சம் குறுக்கே பரந்து, நெடுக்கில் குறுகும். பிடிப்பு கூடும் என்று நினைத்துக் கூடுதலாகக் கொடுக்கிற பணத்துக்குக் கிடைப்பது, பின்னால் வருகிறவனுக்கு ஒரு காட்சி. மழையிலோ, அகலமான டயருக்குத் தள்ளி ஒதுக்க வேண்டிய தண்ணீரும் அதிகம்.

இதை அந்தக் கடையிலேயே, ஒரு பழைய பில்லின் முதுகில் போட்டுக் காட்டினேன். பையன் படித்தவன், கணக்கை மறுக்கவில்லை. "அப்ப எல்லாரும் ஏன் மாமா போடறாங்க?" என்று மட்டும் கேட்டான். அதற்குக் கணக்கில் பதில் கிடையாது.

அகலத்தைவிடப் பெரிய வியாதி ஒன்று இந்தப் பிள்ளைகளிடம் இருக்கிறது. அதை நான் அன்றைக்குத்தான் தெரிந்து கொண்டேன். வளைவுகளில் வண்டியைச் சாய்த்து ஓட்டினால் டயரின் ஓரம்கூட ரோட்டில் உரசித் தேயும். சாய்க்காதவனுடைய டயரின் இரண்டு ஓரங்களிலும் தேயாத பட்டை ஒன்று புதுசாகவே நிற்கும். அந்தப் பட்டைக்குச் 'சிக்கன் ஸ்ட்ரிப்' என்று பெயராம். இங்கிலீஷ்காரனுக்குக் கோழையும் கோழியும் ஒன்று. "அப்படியென்றால் தமிழில் கோழிக்கோடு என்று சொல்லலாமே!" என்றேன். பையன் சிரிக்கவில்லை. அவனுக்கு அது சிரிக்கிற சமாசாரம் இல்லை. டீக்கடையில் வண்டிகளை நிறுத்திவிட்டு ஒருவன் டயரை ஒருவன் குனிந்து பார்க்கிறார்களாம். யாருடைய கோடு அகலமோ அவன் அன்றைக்குத் தலைகுனிய வேண்டும். கோட்டை அழிப்பதற்காகவே கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்குப் போகிறார்கள். எதிரே சோற்று மூட்டையோடு டவுன் பஸ் இறங்கி வருகிற வளைவுகள் அவை! உப்புத்தாளை வைத்துத் தேய்த்துக் கோட்டை அழிக்கிறவனும் உண்டாம். அந்தக் கடைசிப் பிள்ளையை நான் மெச்சுகிறேன். அவனுக்காவது உயிரின் மேல் ஆசை இருக்கிறது.

இந்த வெட்கத்தின் உபத்திரவம்தான் பந்தய டயர். இருங்காட்டுக்கோட்டையில் பந்தயக் களம் இருக்கிறது. அதற்கு முன்னால் சோழவரத்தில், யுத்த காலத்து விமானத் தளத்தில், பந்தயம் நடந்து கொண்டிருந்தது. அங்கே போடுகிற டயர் மிகவும் மிருதுவான ரப்பர். சூடேறினால்தான் அது பிடிக்கும். சூடேறுவதற்கு அங்கே சுற்றிச் சுற்றி வேகமாகப் போகிறார்கள். போவதற்கு முன்னால் டயருக்கு மின்சாரக் கம்பளி போர்த்திச் சூடு பண்ணுகிறார்கள். இந்தப் பிள்ளை பல்லாவரம் சிக்னலில் நிற்கிறான், குரோம்பேட்டையில் நிற்கிறான். கார்த்திகை மாதத்து மழையில் நனைந்த ரோட்டில் அந்த டயர் எப்போது சூடேறுவது, எப்போது பிடிப்பது? அதில் தண்ணீர் ஒதுங்குவதற்குப் போதுமான பள்ளங்கூடக் கிடையாது. களத்துக்கு அது ராஜா; நம் தெருவுக்கு வழுக்குப் பாறை.

பிள்ளைகளைப் பற்றி எழுதினால் பெரியவர்களுக்குக் குளிர்ந்து போகும். பத்திரிகையை மடித்து, "பார்த்தாயா, எழுத்தாளரே சொல்லிவிட்டார்" என்று பிள்ளையின் முன்னால் போடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள், இனிமேல் உங்களுடைய முறை.

நம்முடைய மத்தியதர வர்க்கத்துக்கு ஒரு தர்மம் இருக்கிறது: எந்தப் பொருளையும் அது சாகும் வரைக்கும் உபயோகிக்க வேண்டும். பற்பசைக் குழாயைக் கத்தரித்து உள்ளே வழிக்கிறோம். தேய்ந்த புடவை தலையணை உறையாகி, பிறகு கரித்துணியாகிறது. இந்தத் தர்மத்தில்தான் நானும் வளர்ந்தேன். அதைப் பரிகாசம் செய்ய எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனால் டயர் என்பது புடவை அல்ல. அது தேய்வதற்காகவே செய்யப்பட்ட பொருள். ரோட்டைப் பிடிக்கிற ரப்பர் கொஞ்சம் கொஞ்சமாக ரோட்டுக்குத் தன்னைக் கொடுக்கத்தான் செய்யும். தேயவே தேயாத டயர் என்று ஒருவர் புகழ்ந்தால், கெட்டியான ரப்பர் என்று அர்த்தம். கெட்டியான ரப்பர் என்றால் ஈரத்தில் பிடிப்பு குறையும் என்று அர்த்தம். முப்பதாயிரம் கிலோமீட்டர் என்று மாப்பிள்ளை கேட்டபோது, அவர் தம்மை அறியாமல் பிரேக்கைத்தான் பேரம் பேசிக் கொண்டிருந்தார்.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த இழுபறியை டயர் செய்கிறவர்கள் அறியாதவர்கள் அல்ல. வெறும் ரப்பர் வெளிறிய நிறம். அதை உழைக்க வைப்பதற்காகத்தான் கரித்தூள் கலந்தார்கள். டயர் கறுப்பானது அப்படித்தான். பிறகு கரித்தூளில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அதன் இடத்தில் சிலிக்கா சேர்த்துப் பார்த்தார்கள்; 1992ல் மிஷ்லின் கம்பெனி அப்படிப்பட்ட கார் டயரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. சிலிக்கா கலந்த ரப்பருக்கு ஈர ரோட்டில் பிடிப்பு அதிகம். சிலிக்கா என்பது வேறொன்றுமில்லை, மணலுக்கு உறவு. மணல் சக்கரத்துக்கு அடியில் கிடந்தால் ஆளைக் கவிழ்க்கிறது. அதே சரக்கு பக்குவமாகச் சக்கரத்துக்குள்ளே போனால் ஆளைக் காப்பாற்றுகிறது! இப்போது நடுவிலே கெட்டி ரப்பரும் இரண்டு ஓரங்களில் மிருதுவான ரப்பருமாக ஒரே டயரில் வைத்துச் செய்கிறார்கள். நேர் ரோட்டில் அப்பாவின் காசு மிஞ்சும். வளைவில் பிள்ளையின் உயிர் மிஞ்சும். ஓசூரில் செய்கிற டி.வி.எஸ். அபாச்சி ஆர்.ஆர்.310 வண்டிக்கு 2020ல் கம்பெனியே ஈரத்துக்கு ஏற்ற உயர்ந்த ரக டயரைப் போட்டு அனுப்பியது. ஆனால் அது தேய்ந்த பிறகு? அந்த வண்டிக்காரனும் அதே கடைக்கு வந்து, "எது சார் ரொம்ப நாள் உழைக்கும்?" என்றுதானே கேட்கப் போகிறான்?

இந்த அறியாமைக்கு நமக்குச் சாக்கே கிடையாது. திருவொற்றியூரில் 1946ல் பொம்மை பலூன் செய்யத் தொடங்கியவர்கள், 1961ல் அதே ஊரில் டயர் செய்து வெளியே அனுப்பினார்கள், எம்.ஆர்.எஃப். அதுதான். மதுரைக்குப் பக்கத்தில் வெள்ளரிப்பட்டியில் இரு சக்கர வண்டி டயர் செய்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போனால் கம்பெனிக்குக் கம்பெனி டயர்தான். டயர் மணம் வீசுகிற நாட்டில் குடியிருந்து கொண்டு, டயரின் பக்கவாட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியாதவர்களாக இருக்கிறோம்.

அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாததால் என்ன வரும் என்பதை நான் ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்த்தேன்.

2023 அக்டோபர் மாதம். என் பழைய சிநேகிதர் ஒருவரின் மகன். மூன்று மாதம் காய்ந்து கிடந்த ரோட்டில் முதல் மழை. முதல் மழைதான் மோசமான மழை. ரோட்டில் படிந்திருக்கிற எண்ணெயையும் தூசியையும் குழைத்து மேலே கொண்டு வந்து மெழுகும். நாலு நாள் பெய்து கழுவிவிட்டால் அதே ரோடு எவ்வளவோ தேவலை. பையன் ஒரு மேம்பாலத்திலிருந்து இறங்கினான். வேகமும் அதிகமில்லை என்கிறார்கள். முன்னால் ஆட்டோ நின்றது, பிரேக் பிடித்தான், வண்டி அவனை விட்டுவிட்டுத் தனியாகப் போயிற்று. உயிருக்கு ஆபத்தில்லை. இடது முழங்கால் இன்றைக்கும் முழுதாக மடங்குவதில்லை.

வராந்தாவில் என் சிநேகிதர் திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்லிக் கொண்டிருந்தார்: "டயர் புதுசுதானேப்பா. போன வருஷம் நான்தானே வாங்கிக் கொடுத்தேன். போய்ப் பாரு, பட்டன்தான் இருக்கிறதே!"

போய்ப் பார்த்தேன். பட்டன் இருந்தது, ஒவ்வொரு பள்ளமும் கத்தியால் வெட்டின மாதிரி ஆழமாக இருந்தது. கட்டை விரல் நகத்தை அழுத்தினேன்; உள்ளே போகவில்லை. எலும்பு மாதிரி இருந்தது. போலீஸ் ஸ்டேஷன் வாசலில் அந்த வண்டியைப் பார்த்துக் கொண்டிருந்த மெக்கானிக் ஒருவர்தான் டயரின் பக்கவாட்டைத் துடைத்து, முட்டை வடிவக் கட்டத்துக்குள் இருந்த நாலு எண்களைக் காட்டினார். 1417. "2017ஆம் வருஷம், பதினாலாவது வாரம் செஞ்ச டயர் சார் இது" என்றார். வாங்கும்போதே அதற்கு ஐந்து வயசு! எங்கேயோ ஒரு கிடங்கில், தகரக் கூரையின் வெக்கையில் கிடந்து கிடந்து, ரப்பரின் பசை வற்றிப் போய், சலுகை விலையில் விற்றுப் போயிருக்கிறது. என் சிநேகிதருக்கு அதில் முந்நூறோ நானூறோ லாபம்.

அந்த டயரால்தான் பையன் விழுந்தான் என்று கோர்ட்டில் நிரூபிக்க என்னால் முடியாது. மழை, ஆட்டோ, எண்ணெய், பதற்றம் எல்லாம் சேர்ந்திருக்கலாம். 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்த நாட்டு ரோடுகளில் 1,68,491 பேர் இறந்தார்கள்; அவர்களில் நூற்றுக்கு 44க்கு மேல் இரு சக்கர வண்டியில் போனவர்கள். அத்தனை பேரையும் டயர் கொல்லவில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்த வராந்தாவில் நின்றவருக்கு நாலு எண்ணைப் படிக்கத் தெரிந்திருந்தால் அந்த டயர் வண்டியில் ஏறியிருக்காது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. நான் இன்று வரை அவரிடம் அந்த எண்ணைச் சொல்லவில்லை. அவர் இந்தப் பத்திரிகை படிப்பவர். இன்றைக்குத் தெரிந்து கொள்வார். என்னை மன்னிக்கட்டும்.

காற்றடைத்த டயர் எப்படிப் பிறந்தது என்று தெரியுமா? தாம்சன் என்கிற ஸ்காட்லாந்துக்காரர் 1845லேயே அதற்கு உரிமை பதிவு செய்தார், யாரும் சீந்தவில்லை. பிறகு 1888ல், பெல்ஃபாஸ்டில் டன்லப் என்கிற மாட்டு வைத்தியர் அதைத் திருப்பிக் கண்டுபிடித்தார். எதற்காக? அவருடைய சின்னப் பையனின் மூன்று சக்கர சைக்கிள், கரடுமுரடான ரோட்டில் அவனைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அதைப் பொறுக்காத ஒரு அப்பா, பிள்ளைக்காகத் தம் கையால் செய்த சாமான் அது. நம்மூர் அப்பா பிள்ளைக்கு வண்டி வாங்கும்போது 2 லட்சத்தை முகம் சுளிக்காமல் எண்ணி வைக்கிறார். கல்யாணத்துக்கு நகை எடுக்கிற மாதிரி குடும்பத்தோடு போய் எடுக்கிறார். மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்குகிறார். அந்தச் சக்கரம் தேய்ந்து, ஐந்தாயிரம் ரூபாய் கொடுக்க வேண்டிய அன்றைக்குத்தான் அவருக்குச் சிக்கனம் ஞாபகத்துக்கு வருகிறது. "புதுப்பேட்டையிலே பாதி விலைக்குக் கிடைக்குமாமே?" என்கிறார். யாரோ ஒருவன் ஓட்டிக் கழித்த டயர், அவன் எதற்காகக் கழித்தான் என்று தெரியாத டயர், தம் பிள்ளைக்குப் போதும் என்கிறார்!

கடைக்கு வருகிறேன்.

"சரி, நீங்களே சொல்லுங்க மச்சான். எதை வாங்கறது?" என்று மாப்பிள்ளை அலுத்துக் கொண்டார். பையனும் கைப்பேசியை மடக்கிவிட்டு என்னைப் பார்த்தான். நான் சொன்னேன்: பழைய டயரில் எழுதியிருக்கிறதைப் படி. 140/70 ஆர்17, 66எச் என்று படித்தான். 140 அகலம், உயரம் அதில் நூற்றுக்கு 70, 'ஆர்' என்றால் ரேடியல் கட்டு, 17 அங்குல ரிம். 66 என்கிற எண் அந்த டயர் 300 கிலோ வரை தாங்கும் என்பதற்குக் குறி. எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம் வரை. இதில் அளவு ஒன்றுகூட மாறக் கூடாது. தாங்கும் பாரமும் வேகமும் இதற்கு மேலே போகலாம், கீழே இறங்கக் கூடாது. நூற்றைம்பதுகூடத் தொடாத வண்டிக்கு இருநூற்றுப் பத்து எதற்கு என்று மாப்பிள்ளை கேட்டார். வேகத்துக்கு மட்டுமல்ல, வெயிலில், பாரத்தில், சூட்டில் அந்தக் கட்டு நிலைத்து நிற்பதற்கும் அதுதான் அளவு என்றேன்.

பிறகு, இந்த அளவில் இருக்கிற டயர்களில் ஈர ரோட்டுக்கென்று செய்தது எது என்று கடைக்காரரைக் கேட்டேன். அவர் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். "அப்படி யாரும் கேட்கறதில்லை சார்" என்றார். சண்டைக்காரர் வாயிலிருந்து வந்த அந்த ஒரு வாக்கியம் போதும். நான் இத்தனை பக்கம் எழுதுவதற்கு அதுதான் காரணம். உள்ளே போய் இரண்டு டயர் எடுத்து வந்தார். ஒன்றில் எண் முந்தின வருஷத்தது. மற்றதில் மூன்று வருஷம் பழையது. மூன்று வருஷத்தை உள்ளேயே வைக்கச் சொன்னேன். ஒழுங்காகக் கிடங்கில் இருந்தால் மூன்று வருஷம் ஒன்றும் பாதகமில்லை என்று அவர் சொன்னது வாஸ்தவம்தான். ஆனால் புது விலை கொடுக்கிறவன் பழசை எதற்காக எடுக்க வேண்டும்? ஐந்து வயசு தாண்டிய டயரை வருஷா வருஷம் சோதித்துப் பார்க்கவும், பத்து வயசானதைப் பட்டன் இருந்தாலும் கழற்றி எறியவும் டயர் செய்கிறவர்களே சொல்கிறார்கள்.

அப்புறம் நான் கேட்ட கேள்விதான் எல்லோரையும் எரிச்சல் மூட்டியது. "முன் டயர்?"

"முன்னாடி நல்லாத்தானே இருக்கு" என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். முன் டயர் மெதுவாகத் தேயும். அதனால் இரண்டு பின் டயர் மாறுகிற வரைக்கும் அதைக் கவனிப்பாரில்லை. ஆனால் பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரமெல்லாம் முன்னாலேதான் சாய்கிறது. நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு அந்தச் சின்ன டயருடையது. பின் சக்கரம் வழுக்கினால் சமாளித்துவிடலாம் என்று ஒரு வாய்ப்பாவது உண்டு. முன் சக்கரம் வழுக்கினால் யோசிக்கிறதற்குள் ரோடு முகத்துக்கு வந்துவிடும். அதன் எண்ணையும் படிக்க வைத்தேன். நாலு வயசு ஆகியிருந்தது, நகம் அழுந்தியது, ஓரத்தில் வெடிப்பில்லை. இன்னும் ஒரு மழைக்காலம் இருக்கட்டும் என்று நானே விட்டுவிட்டேன். மாப்பிள்ளை பெருமூச்சு விட்டார்.

சக்கரத்தைக் கழற்றியபோது பழைய டயரைப் பையனிடம் காட்டினேன். தினமும் நேர் ரோட்டிலேயே ஓடி ஓடி அதன் நடு முதுகு சப்பையாகி, இரண்டு பக்கமும் விளிம்பு கட்டியிருந்தது. அதனால்தான் கொஞ்ச நாளாக வண்டி வளைவில் சாய முதலில் அடம் பிடித்துவிட்டு, அப்புறம் திடீரென்று விழுகிற மாதிரி இருக்கிறது என்று அவனே கண்டுபிடித்துச் சொன்னான். மூன்று மாதமாக அவன் தன்னுடைய ஓட்டுதலில்தான் குறை என்று நினைத்துக் கொண்டிருந்தானாம்.

கடைக்காரர் நைட்ரஜன் நிரப்பட்டுமா என்று கேட்டார். அதற்குத் தனிக் காசு. நாம் சுவாசிக்கிற காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான்; அதை ஆண்டவன் இலவசமாகவே வைத்திருக்கிறான். மீதிக் காசுக்கு நல்ல அளவுக் கருவி ஒன்று வாங்கிக் கொடுத்து, வாரம் ஒரு தரம், வண்டி ஓடிச் சூடேறுவதற்கு முன்னால் காற்றைப் பார் என்று பையனிடம் சொன்னேன். முதல் 150 கிலோமீட்டர் சாய்க்காதே, பிடுங்காதே. புது டயரின் மேல் வழவழப்பு இருக்கும், அது போகட்டும் என்றும் சொன்னேன். "150 கிலோமீட்டர் கோழிக்கோடு" என்றான் பையன். அப்போதுதான் சிரித்தான்.

பணம் கொடுத்துவிட்டு மாப்பிள்ளை பழைய டயரைச் சுட்டிக்காட்டி, அதற்கு என்ன கொடுப்பீர்கள் என்று கடைக்காரரைக் கேட்டார். இருநூறு என்றார் அவர். எதற்கு வாங்குகிறீர்கள் என்று நான் கேட்டேன். "பள்ளம் வெட்டி விற்கிறவங்க இருக்காங்க சார். கிராமத்துப் பக்கம் போகும்" என்றார். தேய்ந்த டயரில் கத்தியால் பள்ளத்தைத் திரும்பத் தோண்டி, பட்டன் இருக்கிற மாதிரி பண்ணி விற்கிறார்கள்!

கடைப் பையனின் கையிலிருந்த கத்தியை வாங்கினேன். பக்கவாட்டில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறினேன். அப்படியும் திருப்தியில்லாமல் எதிர்ப் பக்கமும் கீறினேன். மாப்பிள்ளை இருநூறு ரூபாயை நினைத்துக் கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றார்.